ஆண்டு விழாவைப் பதினொன்றாம் வகுப்பிடம் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் முடிந்த கையோடு அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஆண்டு விழாக்கள் தொடங்கிவிடும். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச் தொடக்கத்தில் பிளஸ் டூ, அதே மாதத்தில் பத்தாம் வகுப்பு என்று தேர்வுகள் வரிசைகட்டி நிற்பதால், விழாவுக்கென்று கிடைப்பது மூன்று, நான்கு வாரங்கள்தான். அந்த அவசரத்தில் ஊருக்கு ஊர் விழா ஒரே மாதிரி கெட்டுப்போகிறது. அழைப்பிதழில் மாலை நான்கு மணி. சிறப்பு விருந்தினர் வந்து இறங்கும்போது ஐந்தேகால். மதியமே பவுடரும் பொட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், இரவு எட்டரைக்கு "நேரமின்மை காரணமாக" என்ற அறிவிப்பைக் கேட்டுவிட்டு ஆடாமலேயே வீட்டுக்குப் போகிறார்கள். ஆசிரியர்கள் அக்கறையில்லாமல் விட்டு இப்படி ஆவதில்லை. நிகழ்ச்சி நிரல் போடும்போதே கணக்கு இடித்துவிடுகிறது.

இதைத் திருத்த இந்த ஆண்டு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 2017-18இல் தொடங்கிய பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-26 கல்வியாண்டு முதல் அரசு நீக்கிவிட்டது. பிப்ரவரியில் மூச்சுவிட நேரமுள்ள, பொறுப்பு ஏற்கும் வயதுள்ள ஒரு வகுப்பு இப்போது பள்ளியில் இருக்கிறது. ஆண்டு விழாவை நடத்தும் வேலையை முழுதாக அவர்களிடம் விடலாம். கோலம் போடவும் நாற்காலி தூக்கவும் மட்டும் கூப்பிட்டால் போதாது. நேரம், ஒலி, பரிசு, உடை அறை, தண்ணீர் என ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு பேர் பொறுப்பு, மேலே ஓர் ஆசிரியர் என்று இருக்கட்டும். அடுத்த ஆண்டும் அவர்கள் இதே பள்ளியில் இருப்பார்கள் என்பதால், இந்த ஆண்டு கற்றதை அடுத்த அணிக்குச் சொல்லிக்கொடுக்கவும் முடியும். உயர்நிலைப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புக்கு இதே பொறுப்பைத் தரலாம்.

முதலில் நேரக் கணக்கு. ஐந்நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் 22 கலை நிகழ்ச்சிகள், 120 பரிசுகள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டு மூன்றரை நிமிடம், அணி மாற ஒன்றரை நிமிடம் என்றால் நிகழ்ச்சிகளுக்கு 110 நிமிடம். பெயர் படித்து, பிள்ளை நடந்து வந்து, கைகொடுத்து, படம் எடுத்து முடிக்க 40 விநாடி வீதம் பரிசளிப்புக்கு 80 நிமிடம். "இரண்டே நிமிடம் பேசி அமர்கிறேன்" என்று தொடங்கும் ஆறு பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரம். பொன்னாடை பதினைந்து பேருக்கு என்றால் அதற்கு ஒரு கால் மணி. கூட்டினால் நாலு மணி இருபத்தைந்து நிமிடம். ஐந்தேகாலுக்குத் தொடங்கும் விழா முடிய ஒன்பது நாற்பது ஆகும். கிராமத்துக்குப் போகும் கடைசி டவுன் பஸ் அதற்குள் போய்விடும். அதனால்தான் கத்திரிக்கோல் விழுகிறது. அது விழுவது எப்போதும் கடைசியில் இருப்பவர்கள் மேல்.

இதே 22 நிகழ்ச்சிகளை வெட்டாமல் மாலை ஐந்தேகாலுக்குள் முடிக்கலாம். பிற்பகல் இரண்டரைக்குத் தொடங்கவேண்டும், விருந்தினருக்காகக் காத்திருக்கக்கூடாது, பரிசளிப்பைத் தனிப் பகுதியாக வைக்கக்கூடாது. ஓர் அணி இறங்கி அடுத்த அணி ஏறும் இடைவெளியை இரண்டு நிமிடமாக்கி, பிள்ளைகள் வரிசையில் தயாராக இருந்தால், ஆளுக்கு அரை நிமிடமாக அதில் மேடையின் முன்விளிம்பில் நான்கு பரிசு கொடுத்துவிடலாம். 21 இடைவெளியில் 84 பரிசு. நிகழ்ச்சியும் பரிசும் சேர்த்தே இரண்டு மணி நேரம்தான். மீதி 36 பரிசு, வகுப்பளவிலான தரப் பரிசுகளும் வருகைப் பரிசுகளும், அன்று காலை இறைவணக்கக் கூட்டத்திலேயே கொடுத்து முடிக்கலாம். ஆண்டறிக்கைக்கு ஏழு நிமிடம், சிறப்புரைக்குப் பத்து, மற்ற எல்லாருக்குமாகப் பதின்மூன்று. விருந்தினர் எந்த நேரத்தில் வந்தாலும் அடுத்த இடைவெளியில் அவர் கையால் நான்கு பரிசு கொடுக்க வைக்கலாம். அவருக்கும் மரியாதை, பிள்ளைகளுக்கும் காத்திருப்பு இல்லை. பொன்னாடைக்குப் பதில் ஒரு புத்தகம் என்ற வழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. அதையும் மேடைக்குக் கீழே வரவேற்கும்போதே கொடுத்துவிட்டால் போதும்.

இடைவெளியில் பரிசு என்பது சொல்லும்போது சுலபம். செய்யும்போது குழம்புவது ஒரே இடத்தில்: வராத பிள்ளை. 17ஆம் எண் மாணவர் அன்று விடுப்பு. பெயர் படிப்பவருக்கு அது தெரியாது. 18ஆம் எண் மாணவி மேடையேறி 17இன் பரிசை வாங்கிக்கொள்வாள். அதற்குப்பின் வரும் அத்தனை பேர் கையிலும் முந்தைய ஆளின் பரிசு. விழா முடிந்து வகுப்பு வகுப்பாகப் போய் மாற்றிக்கொடுக்க இரண்டு நாள் ஆகும். இதைத் தடுக்க ஒவ்வொரு பரிசின் மேலும் எண், பெயர், வகுப்பு எழுதிய சீட்டு ஒட்டவேண்டும். அதே எண் வரிசையில் ஒரு பெஞ்சில் அடுக்கவேண்டும். அதே வரிசையில் பிள்ளைகளை முன்பக்க இடது ஓரத்தில் உட்காரவைக்கவேண்டும். படியடியில் பட்டியலோடு ஒரு பிளஸ் ஒன் மாணவி, பரிசு பெஞ்சில் ஒரு மாணவர், மைக்கில் ஒருவர் என மூவரிடமும் ஒரே பட்டியலின் நகல். படியடியில் இருப்பவர் ஆளைக் கண்ணால் பார்த்து விரல் காட்டிய பிறகே மைக்கில் பெயர் வரவேண்டும். வராதவரின் பரிசு பெஞ்சுக்கு அடியில் போய்விடும், அவ்வளவுதான்.

அணிகள் ஏறி இறங்குவதிலும் இதே ஒழுங்கு வேண்டும். ஏறுவது ஒரு பக்கம், இறங்குவது மறுபக்கம். மேடையில் ஓர் அணி, படியடியில் ஓர் அணி, உடை அறை வாசலில் ஓர் அணி. அதற்கு மேல் யாரும் மேடைப் பக்கம் நிற்கக்கூடாது. இரண்டு நாள் முன்பு வைக்கும் ஒத்திகையில் ஆட்டத்தை முழுதாக ஆடவைத்து நேரத்தை வீணாக்குகிறோம். ஆட்டம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே மனப்பாடம். பாட்டின் முதல் பத்து விநாடி, கடைசிப் பத்து விநாடி மட்டும் போட்டு, ஏறுவதையும் இறங்குவதையும் பழக்கினால் 22 அணியையும் ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம்.

ஒலிக்கு வருவோம். விழாவில் பாதிக் குழப்பம் பென் டிரைவில் இருக்கிறது. யூடியூப்பிலிருந்து நேரடியாகப் போடுவது, ஆசிரியரின் செல்போனில் ஒயர் குத்துவது இரண்டும் வேண்டாம். நடுவில் விளம்பரம் வரும், அல்லது யாராவது போன் செய்வார்கள். எல்லாப் பாட்டையும் மூன்றரை நிமிடத்துக்கு வெட்டி, 01, 02 என்று எண்ணால் பெயர் வைத்து, பென் டிரைவை முழுதும் அழித்துவிட்டுப் பதியவேண்டும். இங்கே ஒரு நுணுக்கம்: ஒலிபெருக்கிக்காரர்களிடம் இருக்கும் மிக்சர்களில் பல, கோப்பின் பெயரைப் பார்த்து வரிசைப்படுத்துவதில்லை. எது முதலில் பதிவானதோ அதையே முதலில் எடுக்கும். 22 பாட்டையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒட்டினால் வரிசை எப்படி வேண்டுமானாலும் விழலாம். ஒவ்வொன்றாக, வரிசைப்படியே நகலெடுங்கள். அதே போல இன்னொரு பென் டிரைவும் தயாராக இருக்கட்டும். ஒலிபெருக்கிக்காரர் பக்கத்தில் நிகழ்ச்சி வரிசை தெரிந்த ஒரு பிளஸ் ஒன் மாணவர் கடைசிவரை நகராமல் உட்காரவேண்டும். எந்தப் பாட்டு எப்போது என்று ஒலிபெருக்கிக்காரருக்கு எப்படித் தெரியும்?

மைக் கீச்சிடுவதற்குக் காரணம், ஸ்பீக்கர் பாக்ஸிலிருந்து வரும் சத்தம் திரும்ப மைக்குக்குள் போவதுதான். பாக்ஸ்கள் மேடையின் முன்விளிம்பைவிட இரண்டு மூன்று அடி முன்னால் பார்வையாளரைப் பார்த்து நிற்கவேண்டும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தாலும் கீச்சிடும். பிள்ளைகள் அப்படித்தான் பிடிப்பார்கள், மைக்கின் கழுத்துக்குக் கீழே பிடிக்கப் பழக்குங்கள். கார்ட்லெஸ் மைக்கில் விழா தொடங்கும்போதே புது பேட்டரி. நாடகம் போடும் பள்ளிகளில் வசனம் மூன்றாம் வரிசையைத் தாண்டுவதில்லை. பத்துப் பேர் நடிக்கும் நாடகத்துக்கு இரண்டு மைக்கைக் கைமாற்றிக்கொண்டே இருந்தால் நடிப்பு போய்விடும். அதற்குப் பதில் வில்லுப்பாட்டுப் போடச் சொல்வோம். ஆறு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு ஸ்டாண்டு மைக் போதும். ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசை வரை கேட்கும். பள்ளி மேடைக்கென்றே அமைந்த கலை அது, ஏனோ குறைந்துகொண்டே வருகிறது.

தமிழ்த்தாய் வாழ்த்தை ஒலிப்பதிவில் போடாதீர்கள். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையே வாய்ப்பாட்டாகப் பாடுவதை ஊக்குவிக்கிறது. 55 விநாடியில் பாட வேண்டும் என்றும் சொல்கிறது. இழுத்துப் பாடும் பழக்கம் உள்ள பள்ளிகளில் இது ஒன்றரை நிமிடம் வரை போகிறது. கடிகாரம் வைத்து நான்கைந்து முறை பாடினால் பிடிபட்டுவிடும்.

பகலில் நடத்துவதில் இன்னொரு ஆதாயம், செலவு. மேடை விளக்கு, சீரியல் செட், பெரிய ஜெனரேட்டர் எதுவும் தேவையில்லை. ஒலியமைப்புக்கு மட்டும் என்றால் ஐந்து கே.வி.ஏ. ஜெனரேட்டரே தாங்கும். இரவு விழாவுக்குக் கல்யாண மண்டபத்துக்கு வரும் பெரிய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, அந்த ஒரு வாடகையிலேயே அரசு கொடுக்கும் தொகையை முடித்துவிடுகிறார்கள். எதிலிருந்து மின்சாரம் எடுத்தாலும், பள்ளியின் சுவிட்ச் போர்டில் வெறும் கம்பியைச் செருகி எடுக்க விடாதீர்கள். மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள பெட்டி வழியாகவே வரவேண்டும். வயர் இணைப்பு எதுவும் தரையிலோ நடைபாதையிலோ கிடக்கக்கூடாது. இரும்பு வளைவிலும் மேடைச் சட்டத்திலும் சுற்றக்கூடாது.

மேடை வடக்கு பார்த்தோ தெற்கு பார்த்தோ இருக்கட்டும். மேற்குப் பார்த்தால் ஆடும் பிள்ளைகளுக்குக் கண் கூசும், கிழக்குப் பார்த்தால் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கூசும். 24-க்கு 16 அடி மேடையில் இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு பேர் தாராளமாக ஆடலாம். வாடகைப் பலகையில் ஆணி துருத்தும். ஆடுவது வெறுங்கால் என்பதால் விரிப்பைப் போடுமுன் இரண்டு பேர் செருப்புக் காலால் முழுதும் தேய்த்து நடந்து பார்க்கவேண்டும். விரிப்பின் ஓரங்களை டேப் போட்டு ஒட்டாவிட்டால் ஒயிலாட்டத்தில் யாராவது தடுக்கி விழுவார்கள்.

பந்தலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டியிருக்கிறது. 1995 டிசம்பர் 23 அன்று ஹரியானாவின் டப்வாலியில் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவில் தீப்பிடித்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதிக்கு மேல் குழந்தைகள். செயற்கைத் துணிப் பந்தல், மின்சாரத்தில் பற்றிய நெருப்பு, வெளியேறத் திறந்திருந்த ஒரே வழி. கீற்றுக் கூரை என்ன செய்யும் என்பதை 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்து நம் மாநிலம் பார்த்துவிட்டது. ஆனாலும் மூன்று பக்கமும் துணி கட்டி அடைத்து, ஒரே வாசல் வைத்து, அந்த வாசலிலும் வரவேற்பு மேசை போடும் பள்ளி விழாக்கள் இன்றும் நடக்கின்றன. பக்கவாட்டுத் துணியே வேண்டாம். எதிரெதிரே இரண்டு வழி, நடுவில் எட்டடிப் பாதை, மணல் வாளி நான்கு, இயங்கும் தீயணைப்பான் இரண்டு, மின்சாரத்தை நிறுத்த எந்த சுவிட்ச் என்று தெரிந்த ஓர் ஆள் பக்கத்திலேயே. கட்டடத்தின் நிழலும் வேப்பமரமும் இருக்கிற பள்ளிக்குப் பந்தலே தேவையில்லை.

யார் ஆடுவது, எந்தப் பாட்டுக்கு என்பதில்தான் மனக்கசப்பு வருகிறது. கலைத் திருவிழாவில் பரிசு வாங்கிய பதினைந்து பேரே எல்லா நிகழ்ச்சியிலும் வருவார்கள். பயிற்சி கொடுக்கும் வேலை மிச்சம் என்பதால். ஒருவர் இரண்டு நிகழ்ச்சிக்கு மேல் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மேடைக்கு வருவோர் எண்ணிக்கை தானாகக் கூடும். வாடகை உடை அடுத்த தடை. தலைக்கு 200, 300 ரூபாய் என்றதுமே "எனக்கு ஆட வராது மிஸ்" என்று ஒதுங்குகிற பிள்ளைக்கு ஆட வராமல் இல்லை. சீருடையோடு ஒரு சிவப்புத் துண்டு, அல்லது வீட்டில் இருக்கும் தாவணி; கும்மிக்கும் தேவராட்டத்துக்கும் பறைக்கும் அதற்கு மேல் வேண்டியதில்லை.

பாட்டு வரிகளைத் தலைமையாசிரியர் ஒரு வாரம் முன்பே தாளில் எழுதி வாங்கிப் படிக்கவேண்டும். மெட்டு மட்டும் கேட்டால் போதாது. 2023இல் நாங்குநேரியில் சாதிப் பகையில் சக மாணவர்களே ஒரு மாணவரை வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, கையில் கட்டும் நிறக் கயிறு வரை சாதி அடையாளங்களைப் பள்ளியில் அனுமதிக்கக்கூடாது என்றது. கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, அதே சாதியின் பெருமை பாடும் சினிமாப் பாட்டுக்கு மேடை கொடுத்தால் யார் நம்புவார்கள்? பறையை இன்னார்தான் அடிப்பது என்று அணி பிரிப்பதும் இதில் சேர்ந்ததுதான்.

சாப்பாட்டுப் பொறுப்பு எளிது. பெற்றோரையும் சேர்த்து 700 பேருக்கு ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர் என்றால் 20 லிட்டர் கேன் பதினெட்டு. சுண்டலுக்கு ஒரு கிலோ கொண்டைக்கடலை வெந்தால் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் வரும். நூறு கிராம் வீதம் இருபது பேருக்கு ஆகும். ஐந்நூறு பிள்ளைகளுக்கு 25 கிலோ, முந்தைய இரவே ஊறவேண்டும். காலையில் தாளித்துத் தேங்காயைப் போட்டுவிட்டால் பிப்ரவரி வெயிலில் மூன்று மணிக்கெல்லாம் நாற்றம் அடிக்கும். தேங்காயே வேண்டாம், அல்லது பரிமாறும்போது தூவலாம்.

உடை மாற்றும் அறையில் ஜன்னலுக்குக் காகிதம், வாசலில் ஆசிரியை ஒருவர், உள்ளே யாரிடமும் செல்போன் கிடையாது. இந்த மூன்றில் தளர்வு கூடாது. பிள்ளைகள் ஆடும் வீடியோவை யார் யாரோ ஸ்டேட்டஸில் போடுவதையும் மைக்கில் சொல்லியே தடுக்கவேண்டும்; பள்ளி சார்பில் ஒருவர் மட்டும் படம் எடுத்தால் போதும்.

பிளஸ் டூ வழியனுப்பு விழாவைத் தனியாக, செய்முறைத் தேர்வு முடிந்து எழுத்துத் தேர்வு தொடங்குமுன், காலையில் வையுங்கள். மாலையில் வைத்தால் நான்கு மணிக்குக் கதவு திறந்ததும் கலர் பொடியும் இங்க்கும் பைக் ஊர்வலமுமாகப் பேருந்து நிலையத்தில் போய் முடியும். பெஞ்சை உடைப்பதும் அன்றுதான். இவற்றைத் தடை என்று அறிவித்தால் பள்ளிக்கு வெளியே போய்ச் செய்வார்கள். பத்து மீட்டர் காடாத் துணியை வராந்தாவில் நீளக் கட்டி ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்தால் சட்டையில் எழுதும் ஆசை அதில் தீரும். பெற்றோரையும் அழைத்து, பிளஸ் ஒன் பிள்ளைகள் கையால் மதிய உணவு பரிமாறி, ஒரு மணிக்கு அவரவர் பெற்றோருடன் அனுப்பிவிடலாம்.

கடைசியாகப் பணம். அரசு மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துக் கொடுக்கும் தொகை, சிறிய பள்ளிக்குச் சில ஆயிரம்தான் வரும். மேலே சொன்னபடி பகலில், விளக்கும் வாடகை உடையும் பொன்னாடையும் இல்லாமல் நடத்தினால் பற்றாக்குறை பெரிதாக இராது. குறைவதை முன்னாள் மாணவர்களிடம் கேட்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவிலேயே இப்போது அவர்களுக்கு இடம் இருக்கிறது. வகுப்பில் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பது மட்டும் கூடவே கூடாது. நன்கொடை எதுவானாலும் குழுவின் வங்கிக் கணக்கில் வரவேண்டும், ரசீது போகவேண்டும், வரவு செலவு மறுவாரமே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படவேண்டும். வாடகை நாற்காலியை இறக்கும்போதே எண்ணி வாங்குங்கள். ஏற்றும்போது மட்டும் எண்ணினால் குறைகிற நான்குக்கும் பள்ளிதான் பணம் கட்டும்.

கல்வித்துறைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கான சுற்றறிக்கையும் தொகையும் அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு முன்பே பள்ளிகளுக்கு வந்துவிடவேண்டும். பிப்ரவரியில் வந்தால், தேர்வு மையமாகும் பள்ளிகளில் பெஞ்ச் அடுக்கும் வேலைக்கு நடுவேதான் விழாவை நடத்தவேண்டியிருக்கும். டிசம்பரில் வந்தால் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேலை பிரித்துக்கொடுத்து, ஜனவரி கடைசி வாரத்தில் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும்,
திருவாரூர் மாவட்டம்.